அரசு ஒப்பந்தப் பணியாளரின் மருத்துவக் காப்பீடு: பொறுப்பு யாருடையது? மைசூருவை முன்வைத்து ஒரு விளக்கம்

மைசூரு: அரசு அலுவலகங்களிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் துப்புரவு, காவல், தோட்டப் பராமரிப்பு, வாகனம் ஓட்டுதல், கணினித் தரவுப் பதிவு போன்ற பணிகள் பெரும்பாலும் ஒப்பந்ததாரர்கள் வழியாகவே நடைபெறுகின்றன. இப்பணிகளில் ஈடுபடும் ஒருவர் நோயுற்றாலோ, பணியிடத்தில் காயமடைந்தாலோ சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒப்பந்ததாரர் அரசைச் சுட்டிக்காட்டுவதும், அரசு அலுவலகம் ஒப்பந்ததாரரைச் சுட்டிக்காட்டுவதும் வழக்கம். ஆனால் இந்தியச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் வரம்புக்குள் வரும் பணியாளருக்கான சந்தாத் தொகையை முதலில் செலுத்த வேண்டிய கடமை, பணியை வழங்கிய முதன்மை வேலையளிப்பவருடையது.

கர்நாடக மாநிலத்தின் மைசூரு, இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற நகரம். 65 வார்டுகளைக் கொண்ட மைசூரு மாநகராட்சி, 2016-ஆம் ஆண்டு வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில் நாட்டின் 73 நகரங்களுள் முதலிடம் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான 476 நகரங்களின் தரவரிசையிலும் மைசூருவே முதலில் நின்றது. அந்தப் பெருமைக்குக் காரணமானவர்களில், கன்னடத்தில் ‘பௌரகார்மிகர்’ என அழைக்கப்படும் தூய்மைப் பணியாளர்கள் முன்வரிசையில் இருப்பவர்கள். குப்பை, கழிவுநீர், தூசி ஆகியவற்றுடன் நாள்தோறும் புழங்கும் இவர்களுக்கு மருத்துவப் பாதுகாப்பு மற்றெவரையும்விட இன்றியமையாதது.

சட்டம் என்ன சொல்கிறது?

இ.எஸ்.ஐ. எனப் பரவலாக அறியப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படியான திட்டத்தை 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். நோய், மகப்பேறு, பணியிட விபத்து, அதனால் நேரும் ஊனம் அல்லது மரணம் ஆகிய இடர்களுக்கு எதிராகத் தொழிலாளருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் பாதுகாப்பு அளிப்பதே இதன் நோக்கம்.

இச்சட்டம் வேலையளிப்பவரை இரு வகையாகப் பிரித்தது. பணியின் உண்மையான உரிமையாளர் முதன்மை வேலையளிப்பவர். அவருக்காக ஆட்களை அமர்த்தி வேலையை முடித்துக் கொடுக்கும் ஒப்பந்ததாரர் இடைநிலை வேலையளிப்பவர். சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, நேரடியாக அமர்த்தப்பட்டவர், ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு பணியாளருக்கும் உரிய சந்தாவை முதன்மை வேலையளிப்பவரே முதலில் செலுத்த வேண்டும். அவ்வாறு செலுத்திய தொகையை ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய பட்டியல் தொகையிலிருந்து பிடித்தம் செய்துகொள்ளவோ, கடனாக வசூலிக்கவோ 41-ஆவது பிரிவு அனுமதி அளித்தது.

நடைமுறையில், தனக்கென இ.எஸ்.ஐ. குறியீட்டு எண் பெற்ற ஒப்பந்ததாரர் தாமே சந்தாவைச் செலுத்துவதும், பணியளித்த அலுவலகம் அதற்கான ரசீதைச் சரிபார்த்த பின் பட்டியலுக்குப் பணம் வழங்குவதும் வழக்கமாகியுள்ளது. இந்த ஏற்பாட்டினால் அலுவலகத்தின் சட்டப் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. ஒப்பந்ததாரர் செலுத்தத் தவறினால், காப்பீட்டுக் கழகத்தின் கேள்வி மீண்டும் முதன்மை வேலையளிப்பவரிடமே வந்து நிற்கும்.

எவ்வளவு தொகை, எவ்வளவு பயன்?

2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விகிதத்தின்படி, வேலையளிப்பவரின் பங்கு ஊதியத்தில் 3.25 சதவீதம்; தொழிலாளரின் பங்கு 0.75 சதவீதம். அதற்கு முன்பு இவை முறையே 4.75 சதவீதமாகவும் 1.75 சதவீதமாகவும் இருந்தன. 2017 ஜனவரி 1 முதல் மாத ஊதிய உச்சவரம்பு 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய்.

மாதம் 18,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவரிடமிருந்து பிடிக்கப்படுவது 135 ரூபாய். வேலையளிப்பவர் சேர்க்க வேண்டியது 585 ரூபாய். மொத்தம் 720 ரூபாய். இதே ஊதியத்தில் 100 பேரை அமர்த்தும் ஒப்பந்தத்தில் மாதச் சந்தா 72,000 ரூபாய். ஆண்டுக்கு 8,64,000 ரூபாய். வேலையளிப்பவரின் பங்கைத் தொழிலாளரின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பதையும் சட்டம் திட்டவட்டமாகக் கூறுகிறது. 4 சதவீதம் முழுவதையும் ஊதியத்தில் கழிப்பது சட்டமீறல்.

இதற்கு ஈடாகக் கிடைக்கும் பயன்கள் விரிவானவை. காப்பீடு பெற்றவருக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ சிகிச்சை கிடைக்கும். நோயினால் பணிக்குச் செல்ல இயலாத நாள்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை, சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம் ரொக்கமாக வழங்கப்படும். மேலே குறிப்பிட்ட தொழிலாளரின் நாள் ஊதியம் 600 ரூபாய் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 420 ரூபாய் வீதம் 91 நாள்களுக்கு 38,220 ரூபாய் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத விகிதத்தில் கூடுதல் காலத்துக்கும் உதவித்தொகை உண்டு. மகப்பேற்றுக்கு 26 வாரங்கள் முழு ஊதியத்துக்கு இணையான தொகை வழங்கப்படும். பணியிட விபத்தினால் ஏற்படும் ஊனத்துக்கும், உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்தினருக்கும் ஊதியத்தில் 90 சதவீத அடிப்படையில் உதவி கணக்கிடப்படும்.

78 நாள்களின் முக்கியத்துவம்

இப்பயன்களைப் பெறுவதற்கான நிபந்தனையில்தான் ஒப்பந்தத் தொழிலாளரின் இடர்ப்பாடு அடங்கியிருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் இரு சந்தாக் காலங்கள் வகுக்கப்பட்டுள்ளன. முதல் காலத்துக்குரிய பயன்காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இரண்டாவது காலத்துக்குரியது ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்கால உதவித்தொகை பெற, உரிய சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

ஆறு மாதங்களில் 78 நாள்கள் என்பது எளிய நிபந்தனையாகத் தோன்றலாம். ஆனால் மாதத்தில் 26 நாள்கள் உழைத்தவருக்குப் பதிவேட்டில் 10 நாள்கள் மட்டும் காட்டப்பட்டால், ஆறு மாதங்களில் 60 நாள்களே கணக்கில் ஏறும். அவர் காய்ச்சலோடு படுக்கும் வரை இந்தக் குறை வெளியில் தெரியாது. தெரியவரும்போது கடந்துபோன மாதங்களைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

ஒப்பந்ததாரர் மாறும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. ஒப்பந்தப்புள்ளி முடிந்து புதியவர் பொறுப்பேற்றாலும், தொழிலாளர்கள் பெரும்பாலும் அவர்களே. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே காப்பீட்டு எண் என்பதே விதி. புதிய ஒப்பந்ததாரர் பழைய எண்ணைக் கேட்டறிந்து இணைக்காமல் புதிய எண்ணை உருவாக்கினால், பல ஆண்டுகள் சந்தா செலுத்தியவரும் ஏட்டில் புதிதாகச் சேர்ந்தவராகவே தோன்றுவார். புதிதாகச் சேர்பவருக்கு மருத்துவ சிகிச்சை தொடக்கத்திலேயே கிடைத்தாலும், நோய்க்கால ரொக்க உதவிக்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மாநகராட்சிப் பணியாளர்களும் காப்பீடும்

தொடக்கத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் தொழிற்சாலைகளை மையமாகக் கொண்டே விரிவடைந்தது. பின்னர் கடைகள், உணவகங்கள், போக்குவரத்து நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள், மருத்துவ நிறுவனங்கள் எனப் படிப்படியாகப் பிற துறைகளும் சேர்க்கப்பட்டன. நகராட்சி, மாநகராட்சி அமைப்புகளில் பணிபுரியும் தற்காலிக, ஒப்பந்தத் தொழிலாளர்களை நாடு முழுவதும் இத்திட்டத்தின்கீழ்க் கொண்டுவருவது என்ற முடிவை மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2021 ஜூன் மாதம் அறிவித்தது. மாநில அரசுகள் உரிய அறிவிக்கைகளை வெளியிடுமாறு அவற்றுடன் பேசும்படி காப்பீட்டுக் கழகம் பணிக்கப்பட்டது.

கர்நாடகத்தில் இந்த விவாதம் பணி நிரந்தரக் கோரிக்கையோடு பிணைந்தது. தெருக்களைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களை ஒப்பந்ததாரரிடமிருந்து விடுவித்து, உள்ளாட்சி அமைப்பே அவர்களுடைய வங்கிக் கணக்கில் ஊதியம் செலுத்தும் நேரடி ஊதிய முறை நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூலை தொடக்கத்தில் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தம் நடைபெற்றது. அதே ஆண்டில் 11,133 தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

குப்பை வாகன ஓட்டுநர்கள், சுமை ஏற்றுவோர், நிலத்தடிக் கழிவுநீர்ப் பணியாளர்கள் ஆகியோரையும் நேரடி முறைக்கு மாற்ற வேண்டும் என்பது தொழிலாளர் அமைப்புகள் தொடர்ந்து எழுப்பிவரும் கோரிக்கை. நேரடி முறைக்கு மாறியவருக்கு ஊதியத்துக்கும் காப்பீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே. ஒப்பந்தத்தில் நீடிப்பவருக்கு இருவர். இருவர் பொறுப்பு எனும்போது எவரும் பொறுப்பேற்காத நிலை உருவாகக் கூடாது என்பதற்காகவே முதன்மை வேலையளிப்பவர் என்ற கருத்து சட்டத்தில் இடம்பெற்றது.

கழிவுநீர்க் கால்வாய், கழிவுத் தொட்டிகளில் பணிபுரிவோருக்காக மத்திய அரசு 2023-இல் தொடங்கிய ‘நமஸ்தே’ திட்டம், அவர்களை ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சேர்க்க வழிசெய்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு இதில் இடமுண்டு. எனினும் பணிக்குச் செல்லாத நாள்களுக்கான ஊதிய இழப்பை ஆயுஷ்மான் பாரத் ஈடுசெய்வதில்லை. நாள் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. தரும் ரொக்க உதவி வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாதது.

நீதிமன்றங்களின் பார்வை

ஒப்பந்தத் தொழிலாளர் யாருடைய பணியாளர் என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளது. கல்கத்தா மின் வழங்கல் கழகத்துக்காகக் குழி தோண்டுதல், மின்வடம் பதித்தல் போன்ற வேலைகளைச் செய்த ஒப்பந்ததாரர்களின் தொழிலாளர்கள் குறித்த வழக்கில், பெரும்பான்மை நீதிபதிகள் மேற்பார்வையை அளவுகோலாகக் கொண்டனர். நிறுவனத்தின் வளாகத்துக்கு வெளியே, அதன் நேரடி மேற்பார்வையின்றி நடைபெற்ற பணியில் ஈடுபட்டோர் அந்நிறுவனத்தின் பணியாளர் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பது அவர்களின் முடிவு. நீதிபதி கே.ராமசாமி இதற்கு மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். தொழிலாளரின் உடல்நலம் அரசமைப்புச் சட்டம் காக்கும் உரிமைகளோடு இணைந்தது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அந்தப் பார்வை பின்னர் வலுப்பெற்றது. 1995-ஆம் ஆண்டின் நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மைய வழக்கிலும், 1996-ஆம் ஆண்டின் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் வழக்கிலும் தொழிலாளரின் உடல்நலமும் மருத்துவப் பாதுகாப்பும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் கூறியது. தற்காலிகப் பணியாளர்களும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்கள் என்பதை ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் வழக்கில் 2016-இல் அந்நீதிமன்றம் உறுதிசெய்தது.

கல்கத்தா வழக்கின் அளவுகோல் ஒப்பந்தப் பணிகளுக்கு ஒரு பாடத்தையும் தருகிறது. அலுவலகத்துக்கு உள்ளேயே பணிபுரியும் காவலர், துப்புரவாளர் ஆகியோரின் நிலை தெளிவானது. நகரெங்கும் சிதறி வேலை செய்வோரைப் பொறுத்தவரை, வருகைப் பதிவை யார் சரிபார்க்கிறார், பணியை யார் பிரித்தளிக்கிறார் என்பதற்கான ஆவணங்கள் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கக்கூடும்.

ஒப்பந்தப்புள்ளியில் தொடங்கும் பிழை

சந்தா செலுத்தப்படாமைக்கு ஒப்பந்ததாரரின் நேர்மையின்மை மட்டுமே காரணம் எனக் கருத இயலாது. குறைந்த விலை கேட்பவருக்கே பணி என்ற நடைமுறையில், சட்டப்படியான ஊதியம், வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. சந்தா ஆகியவற்றைக் கூட்டினால் வரும் அடிப்படைச் செலவைவிடக் குறைவான விலைப்புள்ளி ஏற்கப்படுமானால், அந்தப் பற்றாக்குறை எங்கேனும் ஈடுகட்டப்பட்டாக வேண்டும். பெரும்பாலும் அது தொழிலாளரின் நாள் கணக்கிலும் சந்தாவிலும் வந்து விழுகிறது.

இதைத் தவிர்க்கவே, சட்டப்படியான செலவுகளை மாறாத பகுதியாக வைத்து, ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் போட்டி நடத்தும் முறை பல ஒப்பந்தப்புள்ளிகளில் பின்பற்றப்படுகிறது. முந்தைய மாதத்துக்கான சந்தா ரசீதையும், தொழிலாளர் பெயர்வாரிப் பட்டியலையும் இணைத்தால் மட்டுமே அடுத்த பட்டியல் தொகை வழங்கப்படும் என்ற நிபந்தனையும் பயன் தரும். மொத்தத் தொகைக்கான ரசீதை மட்டும் பார்ப்பது போதாது. 100 பேர் பணிபுரியுமிடத்தில் 60 பேருக்குச் சந்தா செலுத்தியிருந்தாலும் ரசீது ரசீதாகவே இருக்கும். பெயர்ப் பட்டியலை வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால்தான் விடுபட்ட 40 பேர் தெரியவருவர்.

உலகின் பிற பகுதிகளிலும் இதே சிக்கலுக்குத் தீர்வுகள் தேடப்பட்டுள்ளன. அமெரிக்காவின் 1965-ஆம் ஆண்டு சேவை ஒப்பந்தச் சட்டம், மத்திய அரசின் சேவை ஒப்பந்தங்களில் ஊதியத்துடன் உடல்நலம், நல்வாழ்வுக்கான தொகையையும் சேர்த்து வழங்க வேண்டும் எனப் பணிக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2001 முதல், நகர ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் தம் பணியாளருக்குக் குறைந்தபட்சத் தரமுள்ள மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும், இல்லையேல் நகரப் பொதுச் சுகாதாரத் துறைக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்கிறது. காப்பீட்டுச் செலவைத் தவிர்ப்பவருக்கு விலைப்போட்டியில் ஆதாயம் கிடைக்கக் கூடாது என்பதே இத்தகைய விதிகளின் அடிப்படை.

உச்சவரம்பைக் கடந்தவர்கள்

மாத ஊதியம் 21,000 ரூபாயைக் கடந்தவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே செல்கின்றனர். சந்தாக் காலத்தின் நடுவில் ஊதியம் உயர்ந்தால், அந்தக் காலம் முடியும் வரை பாதுகாப்பு தொடரும். அதன் பின்னர், பணியிட விபத்துகளுக்கு 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் அடிப்படையாக அமைந்தது. அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவும் ஒப்பந்ததாரரின் ஆளுக்கு முதன்மை உரிமையாளரைப் பொறுப்பாக்கியது. ஆனால் பணியோடு தொடர்பில்லாத நோய்களுக்கு அது பாதுகாப்பு அளிப்பதில்லை. இப்பிரிவினருக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுக்கப்பட வேண்டும் என ஒப்பந்தத்திலேயே எழுதுவதுதான் வழி. கொரோனா பொதுமுடக்கக் காலத்தில், 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், மீண்டும் இயங்கும் பணியிடங்கள் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு செய்வது கட்டாயம் எனக் கூறப்பட்டது இங்கே நினைவுகூரத்தக்கது.

புதிய சட்டத் தொகுப்பில் என்ன மாற்றம்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றுள் ஒன்றான 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இ.எஸ்.ஐ. சட்டத்தையும் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் தன்னுள் இணைத்துக்கொண்டது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பீடு பொருந்தும். உயிருக்கு ஆபத்தான பணி என அறிவிக்கப்படும் தொழில்களில் ஒருவர் மட்டும் பணிபுரிந்தாலும் இதை விரிவுபடுத்த இடமுண்டு. ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவருக்கும் சந்தா செலுத்தும் கடமை என்ற அடிப்படை தொடர்கிறது. அனைத்துத் தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் வழங்கப்பட வேண்டும் என்பது, யாரிடம் வேலை செய்கிறோம் என்பதற்கே சான்றில்லாத ஒப்பந்தப் பணியாளருக்கு முக்கியமான முன்னேற்றம்.

தொழிலாளரின் ஊதியத்தில் பிடித்த சந்தாவைக் கழகத்தில் செலுத்தாமல் வைத்துக்கொள்வது குற்றம். அதற்கு ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டுகள் வரையிலான சிறைத்தண்டனையும், புதிய தொகுப்பின்படி ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

தொழிலாளர் கவனிக்க வேண்டியவை

ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் காட்டப்படுவதால் மட்டும் தொகை கழகத்தைச் சென்றடைந்தது எனக் கொள்ள இயலாது. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். தமது காப்பீட்டு எண்ணைக் கொண்டு கழகத்தின் இணையதளத்தில் நுழைந்து, எந்தெந்த மாதங்களுக்கு எத்தனை நாள்களுக்குச் சந்தா பதிவாகியுள்ளது என்பதைத் தொழிலாளரே பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்தினர் பெயர்கள் சேர்க்கப்பட்டுள்ளனவா, ஒப்பந்ததாரர் மாறிய பின்னும் பழைய எண்ணே தொடர்கிறதா என்பவற்றையும் உறுதிசெய்துகொள்வது நலம்.

குறை காணப்பட்டால் முதலில் பணியளித்த அலுவலகத்துக்கு எழுத்து வடிவில் தெரிவித்து, ஒப்புகை பெற வேண்டும். அடுத்த கட்டமாகக் காப்பீட்டுக் கழகத்தை அணுகலாம். மைசூருவிலேயே அதன் துணை மண்டல அலுவலகம் இயங்குகிறது. நிலுவைத் தொகையைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன் வசூலிக்கக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. வேலையளிப்பவரின் தவறால் தொழிலாளருக்குப் பயன் மறுக்கப்படும் நிலை ஏற்பட்டால், கழகமே அப்பயனை வழங்கிவிட்டு அதற்குரிய தொகையை வேலையளிப்பவரிடமிருந்து வசூலிப்பதற்கும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68-ஆவது பிரிவு வழிவகுத்தது.

அலுவலகங்களைப் பொறுத்தவரை, மாதந்தோறும் பெயர்வாரிப் பட்டியலைச் சரிபார்க்கும் பணிக்குச் சில மணி நேரமே தேவைப்படும். அந்தச் சரிபார்ப்பு விடுபட்டால், 720 ரூபாய் மாதச் சந்தா உறுதிசெய்யும் சிகிச்சையையும் ஊதிய இழப்பீட்டையும் ஒரு குடும்பம் தேவைப்படும் நேரத்தில் இழக்க நேரிடும். நிலுவையும் வட்டியும் பின்னர் அந்த அலுவலகத்தின் கணக்கிலேயே வந்து சேரும்.